மூன்று சென்ட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

1

இந்தக் கதை மண் வாசனையில் பிறந்தது என்று எழுதத்தான் ஆசை. முதல் படியில் அப்படித்தான் எழுதியும் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, இது ஒரு போன் காலில் பிறந்தது.

மதுரையிலிருந்து ஸ்ரீமதி என்ற பதிப்பாசிரியர் கூப்பிட்டார். 'மண்ணும் நானும்' என்று ஒரு தொகுப்பு போடுகிறார்களாம். நாற்பது எழுத்தாளர்கள், ஆளுக்கொரு கட்டுரை, அவரவர் நிலத்தைப் பற்றி. திருத்தங்கலில் காலண்டர் பிரஸ் நடத்திக்கொண்டு, மிஷின் ஓடாத நேரத்தில் எழுத்தாளராகவும் இருக்கிற காளீஸ்வரனுக்கு வயது ஐம்பத்து மூன்று. தொகுப்பு என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குத் தலை தானாக நிமிர்ந்துவிடும். நிமிர்ந்தது.

"ஒரே ஒரு விஷயம் சார். போன தொகுப்புல எல்லாரும் உருகி உருகி எழுதிட்டாங்க. படிக்கிறதுக்கு முன்னாடி பிழிஞ்சு காயப்போட வேண்டியதாப் போச்சு. இந்தத் தடவை ஆய்வு வேணும். பத்திரம், பழைய வரைபடம், எல்லாம் ஆதாரத்தோட எழுதுங்க."

"அதுக்கென்ன, பண்ணிருவோம்" என்றார் காளீஸ்வரன். ஆய்வு என்றால் என்ன என்று அவருக்கு அப்போது தெரியாது. உருகுவது மட்டும் தெரியும்.

இரண்டே வாரத்தில் பன்னிரண்டு பக்கம் போனது. ஸ்ரீமதி படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"சார், முதல் பக்கத்துல மட்டும் 'நான்' நாப்பத்தொரு தடவை வருது. எண்ணிட்டேன். மண்ணைத்தான் காணோம்."

ஆகவே இப்போது இதைப் படர்க்கையில் எழுதவேண்டியதாகிவிட்டது. வாசகர் குழம்பிவிடக் கூடாது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இதை எழுதுகிறவரும் இதற்குள் வருகிற காளீஸ்வரனும் ஒரே ஆள்தான். தன்னைத்தானே 'அவர்' என்று மரியாதையாகச் சொல்லிக்கொள்வது முதல் இரண்டு வரிக்குத்தான் கூச்சமாக இருந்தது. அப்புறம் நன்றாகவே பழகிவிட்டது.

2

கைவிடப்பட்ட தொடக்கங்கள்:

ஏழு தலைமுறையாக எங்கள் வியர்வையைக் குடித்த கரிசல் அது. அதன் ஒவ்வொரு மண்கட்டியும் என் பூட்டனின் பெயர் சொல்லும். என் பூட்டன் பெயர்

[வாக்கியம் இங்கே நிற்கிறது. பூட்டன் பெயர் தெரியவில்லை. சித்தப்பாவிடம் போன் போட்டுக் கேட்டதில் அவருக்கும் தெரியவில்லை. "சொத்து விஷயமாலே?" என்று மட்டும் கேட்டார்.]

மழைக்கு முந்தைய அந்தக் காட்டில் வெறுங்காலோடு ஓடித் திரிந்த நாட்களில்

[ஓடித் திரியவில்லை. மொத்தம் இரண்டு தடவை போனது, இரண்டும் பைக்கில். ஒரு தடவை பஞ்சர்.]

இந்த இரண்டையும் அருணாதேவி படித்தாள். காளீஸ்வரனின் மனைவி. பிரஸ்ஸில் புரூப் பார்க்கிறவளும் அவள்தான். ராகு காலத்தையும் எமகண்டத்தையும் இருபத்தாறு வருஷமாகப் பிழை திருத்தி வருகிறவளுக்குப் புருஷனின் வாக்கியம் எம்மாத்திரம்.

"நீங்க பொறந்தது விருதுநகர்ல ஆஸ்பத்திரியில. வளந்தது பிரஸ் மாடியில. கையில ஒட்டின கறுப்பெல்லாம் மை. எந்தக் கரிசலைங்க எழுதுறீக?"

"அப்பா வச்சிருந்த காடு இருக்குல்ல. சாத்தூர் ரோட்டுல. இப்பக் கம்பெனி வேலிக்குள்ள கெடக்குதே, அது."

"மாமா அதை எப்ப வாங்கினாரு, எப்ப வித்தாரு?"

"அது... ரொம்ப காலமா நம்மகிட்ட இருந்தது."

"ரொம்ப காலம்னா எம்புட்டு?"

நல்ல கேள்வி. ஆய்வு அங்கேதான் தொடங்கியது. ஸ்ரீமதிக்கு அனுப்பிய குறிப்பில் மட்டும் 'என் உள்மனத் தேடல்' என்று எழுதியிருந்தார்.

3

அந்தக் காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற பாதையில் ஒரு பட்டாசுக் கம்பெனி. பெயர் வேண்டாம். பதினைந்து ஏக்கர், முள்வேலி, ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் சின்னச் சின்னக் கொட்டகைகள், நடுவில் வேப்பமரங்கள், ஒரு பக்கம் வெடிமருந்துக் கிடங்கு, மீதியெல்லாம் வெட்டவெளி. அந்த வெட்டவெளியைப் பற்றிக் காளீஸ்வரன் இதுவரை ஒன்பது கவிதை எழுதியிருக்கிறார். 'மனிதக் கால் படாத கன்னிக்காடு' என்பது அவற்றில் ஒன்று. விருதுநகரில் ஒரு கூட்டத்தில் வாசித்தபோது பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார்.*

* பிறகு விசாரித்ததில் அவருக்கு மெட்ராஸ் ஐ.

வில்லங்கச் சான்று வந்தது. வாங்கியவர் இராமகிருஷ்ணன், அதாவது காளீஸ்வரனின் அப்பா, 1987 பிப்ரவரி. பட்டாசுக் கம்பெனிக்கு விற்றவர் அதே இராமகிருஷ்ணன், 1988 ஜனவரி. நடுவில் பதினொரு மாதம். இடம் கைமாற்றி விடுவதில் அப்பா கெட்டிக்காரர் என்று ஊரில் சொல்வார்கள், அவ்வளவுதான் விஷயம். ஆகவே வாசகர்கள் முந்தைய பகுதியில் 'ஏழு தலைமுறை' என்றிருப்பதைப் 'பதினொரு மாதம்' என்று திருத்திப் படிக்கவும்.

மனசு விட்டுப்போனாலும் எழுத்தாளர் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டும் பேனாவுமாக அந்த வேலியோரம் போய் நின்றார். மண்ணை எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுப் பார்க்கிறார்கள். போன தொகுப்பில் மட்டும் ஒன்பது பேர் போட்டிருந்தார்கள். இவரும் வேலிக்குள் கையை விட்டு ஒரு சிட்டிகை எடுத்தார். கண்ணை மூடினார். வாயில் போட்டார்.

"அண்ணாச்சி! ஐயோ அண்ணாச்சி! துப்புங்க, துப்புங்க! அங்கனதான் கழிவு மருந்தைப் போட்டு எரிப்பாக!"

வேலி மூலையை ஒட்டி ஒரு சின்ன வீடு. அதிலிருந்து ஒரு பெண் செம்பில் தண்ணீரோடு ஓடிவந்தாள். சண்முகத்தாய். நாற்பத்து மூன்று வயது. அதே கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவள். புருஷன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார்.

காளீஸ்வரன் நான்கு தடவை வாய் கொப்பளித்தார். நாக்கு சுரீரென்றது.

"பசியா அண்ணாச்சி? கேட்டா நான் சோறே போட்டிருப்பேனே" என்றாள் அவள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

"இல்லம்மா. ஆய்வு."

"அப்படின்னா?"

அவர் பேச்சை மாற்றினார். "இந்தக் காட்டுல முந்தி என்ன வெள்ளாமை பண்ணுவாக?"

"வெள்ளாமையா! நான் வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து பொட்டல்தான். மருந்துக் கிடங்கைச் சுத்தி எதுவும் இருக்கக் கூடாதுன்னு ரூல்ஸாம்ல. வெடிச்சா யார் மேலயும் விழக் கூடாதாம்."

கன்னிக்காடு என்றால் இதுதான். மனிதக் கால் படவில்லை என்றால், பட்டால் கம்பெனிக்கு லைசென்ஸ் போய்விடும் என்பதால்தான்.

அப்போதுதான் அவர் அந்த வீட்டுக் கதவைப் பார்த்தார். கதவு முழுக்க மஞ்சள் கிளிகள். வரிசை வரிசையாக நூறு கிளி இருக்கும், சிவப்பு மூக்கோடு. காளீஸ்வரனுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. கம்பெனியின் கிளி மார்க் லேபிள், அவர் பிரஸ்ஸில் அடித்தது. ஒரு தடவை நீல மை ஏறாமல் பச்சைக் கிளியெல்லாம் மஞ்சளாக விழுந்து, மொத்தமும் வேஸ்ட் ஷீட்டாகப் போனது. தூக்கிப் போட்டதை யாரோ கதவுக்கு ஒட்டியிருக்கிறார்கள். "இது நம்ம பிரஸ்ல அடிச்சதாச்சே" என்றார்.

"எங்க மாமனார் கொண்டாந்தது" என்றாள் சண்முகத்தாய். "உங்க பிரஸ்லதான அவரு இருந்தாரு. மாடசாமி. கட்டிங் மிஷின்ல."

காளீஸ்வரனுக்கு நினைவு வரவில்லை. முகர்ந்தே பார்க்காத மண்ணின் வாசனை ஒன்பது கவிதைக்கு நினைவிருக்கிறது. பிரஸ்ஸில் கூடவே இருந்த மனுஷன் நினைவில் இல்லை. ஆனாலும் "ஆமா ஆமா, நல்ல மனுஷன்" என்று சொல்லிவைத்தார்.

4

கட்டுரைக்கு இன்னும் ஆதாரம் வேண்டியிருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டார். பதினோரு கேள்விகள். அதில் ஏழாவது: 'மேற்படி நிலத்திலும் அதன் எல்லையை ஒட்டியும் தற்போதுள்ள மரங்கள், கட்டடங்கள் யாவை, அவை எப்போது முதல் உள்ளன?'

மரங்களின் பட்டியல் ஒன்று கிடைத்தால் கட்டுரையில் ஒரு பத்தி அழகாக வரும் என்பதுதான் நோக்கம். கட்டடம் என்ற வார்த்தை சும்மா ஓசைக்காகச் சேர்த்தது. சத்தியமாக அவ்வளவுதான்.

'விவரம் எங்களிடம் இல்லை' என்று ஒரு வரியில் பதில் வந்திருக்கலாம். வரவில்லை. ஒரு சர்வேயர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, பிரஸ்ஸுக்கும் வந்தார். விக்னேஷ்வரன், இருபத்தெட்டு வயது, சட்டைப்பையில் மூன்று பேனா.

"சார், மனு பிரமாதம். இம்புட்டுத் தெளிவா எழுதின மனுவை எங்க ஆபீஸ்ல யாரும் பார்த்ததில்லை. வரிக்கு வரி என்ன வேணும்னு புரியுது. எல்லாரும் வாங்கிப் படிச்சாக."

முப்பது வருஷமாக எழுதுகிறார் காளீஸ்வரன். அவர் எழுத்தைத் தெளிவு என்று ஒருவர் சொன்னது அன்றுதான். காபி வாங்கிவரச் சொன்னார்.

"தேதி மட்டும் அடுத்த வருஷம் போட்டிருந்தீக. நாங்களே திருத்திக்கிட்டோம்."

"அது ஒண்ணுமில்லப்பா. ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷ மாதிரிக் காலண்டர் ஆல்பம் போட்டுட்டோம்னா, காலண்டர்காரன் எல்லாருக்கும் கை அடுத்த வருஷத்துக்குப் போயிரும். டிசம்பர் வரைக்கும் அடுத்த வருஷத்துலதான் நாள் எண்ணிக்கிட்டு இருப்போம். பேங்க்ல செக்கெல்லாம் திரும்பி வரும்."

இருவரும் சிரித்தார்கள். [இந்தச் சிரிப்பை வாசகர் மறக்க வேண்டாம். பின்னால் தேவைப்படும்.]

காபி குடித்து முடித்துவிட்டு விக்னேஷ்வரன் சொன்னார்: "மரம் பதினாலு சார். எல்லாம் வேம்பு. அப்புறம் வேலி மூலையில ஒரு வீடு இருந்துச்சு. அது மருந்துக் கிடங்குக்கு ரொம்பப் பக்கம். இத்தனை வருஷம் யாரும் கேக்கலை, நாங்களும் பாக்கலை. நீங்க கேட்டுட்டீக. பார்த்துட்டு எழுதாம இருக்க முடியுமா? நோட்டீஸ் போயிருக்கு."

5

சண்முகத்தாய் நோட்டீஸோடு பிரஸ்ஸுக்கு வந்தாள்.

[இங்கே ஸ்ரீமதி ஓரத்தில் குறிப்பு எழுதியிருக்கிறார்: 'இந்தப் பாத்திரம் அழ வேண்டும். வாசகர் எதிர்பார்ப்பார்.' காளீஸ்வரனும் எதிர்பார்த்தார். கைக்குட்டைகூட எடுத்து வைத்திருந்தார். அவள் அழவில்லை.]

"அண்ணாச்சி, இதுல என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க. சர்வேயர் தம்பி சொன்னாரு, நீங்க நல்லா எழுதுவீகளாம்."

காளீஸ்வரன் வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் குரல் இறங்கியது. வீடு, கிடங்கு இரண்டும் இவ்வளவு அருகில் இருக்க முடியாது. எது பின்னால் வந்ததோ அது போகவேண்டும். கம்பெனிக்கு லைசென்ஸ் 1988 மார்ச்சில் கிடைத்திருக்கிறது. வீடு அதற்கு முந்தியது என்றால் ஆதாரம் காட்டவேண்டும். விசாரணை செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி.

"வீடு முந்திதான் அண்ணாச்சி. மாமனார் அப்படித்தான் சொல்லுவாரு."

"ஆதாரம்?"

"கரண்டு தொண்ணூத்தஞ்சுலதான் வந்துச்சு. வீட்டு வரி அதுக்கும் பின்னாடி. இது ஒண்ணுதான் இருக்கு." மஞ்சள் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தாள்.

பழைய காலண்டர் புரூப் ஒன்றின் பின்பக்கம். அப்பாவின் கையெழுத்து.

'20-9-1988, ஞாயிறு. நம் பிரஸ் கட்டிங் மிஷினில் வலது கையில் இரண்டு விரல் போன மாடசாமிக்கு, சாத்தூர் ரோட்டுக் காட்டில் மூலையில் மூணு சென்ட் விட்டிருக்கிறேன். இன்று நானே நின்று கயிறு பிடித்து அளந்து, அஸ்திவாரத்துக்கு வானமும் தோண்டியாச்சு. வீடு போட்டுக்கொள்ளவும். இராமகிருஷ்ணன்.'

காளீஸ்வரன் அதை மூன்று தடவை படித்தார். ஏழு தலைமுறை இல்லை, வியர்வை இல்லை, கன்னிக்காடு இல்லை. அவர் குடும்பத்துக்கும் அந்த மண்ணுக்கும் உள்ள உறவு இதுதான். இரண்டு விரல். அதற்கு மூன்று சென்ட். அதையும் பதிவு செய்து கொடுக்கவில்லை. ஒரு வேஸ்ட் ஷீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது. இதில் அலங்காரம் ஒன்றுமில்லை, வெறும் வெட்கம்.

விக்னேஷ்வரனுக்குப் போன் போட்டார். அவர் கேட்டுவிட்டு உச்சுக்கொட்டினார்.

"பட்டாவுக்கு இது செல்லாது சார். எது முந்தின்னு காட்ட மட்டும் உதவும். ஆனா தேதி 88 செப்டம்பர் ஆச்சே. லைசென்ஸ் மார்ச்லயே வந்தாச்சு. அதுக்கும் முன்னாடி ஜனவரியில உங்கப்பா நிலத்தையே வித்துட்டாரு. இந்தத் தாளைக் காட்டினா வீடு பிந்தினதுன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும்."

சண்முகத்தாய் தாளை வாங்கி மறுபடி நான்காக மடித்தாள். "அப்ப இதைக் காட்டக் கூடாதா?" என்று கேட்டாள். காளீஸ்வரன் தாளை வாங்கி மறுபடி விரித்தார். அவள் கண்ணைப் பார்க்காமல், அந்தத் தாளைப் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

6

மத்தியானச் சாப்பாட்டில் அருணாதேவிக்கு அந்தப் படத்தைக் காட்டினார். அவள் புரூப் பார்க்கிற கண்ணோடு பார்த்தாள்.

"ரெண்டு விரலுக்கு மூணு சென்ட்டா. மாமா தாராளம்தான்." படத்தைப் பெரிதாக்கித் தேதியைப் பார்த்தாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை பிரஸ் லீவு. அதான் அன்னிக்கி அளக்கப் போயிருக்காரு" என்றாள்.

காளீஸ்வரன் சோற்றுக் கையோடு எழுந்தார்.

"எங்க போறீக?"

பிரஸ்ஸில் வருஷத்துக்கு ஒரு காலண்டர் என்று அப்பா காலத்திலிருந்து எடுத்துவைத்திருக்கிறார்கள், மரப் பீரோவில் அடுக்கி. 1988-ஐ உருவினார். செப்டம்பர் இருபது: செவ்வாய். 1987-ஐ உருவினார். செப்டம்பர் இருபது: ஞாயிறு.

அப்பா அன்றைய கிழமையில்தான் இருந்தார். வருஷம் மட்டும் அடுத்ததற்குப் போய்விட்டது. ஆடிப் பதினெட்டு முடிந்து ஒன்றரை மாதம், புது ஆல்பம் போட்ட கை. சந்தேகத்துக்கு ஒரு தடவை பழைய பைலையும் புரட்டிப் பார்த்தார். ஆவணியிலிருந்து மார்கழி வரை அப்பா எழுதிய டெலிவரி சீட்டுகளில் பாதிக்கு மேல் அடுத்த வருஷம்தான் இருந்தது. தமிழ்நாட்டுக்கே தேதி கிழித்துக் கொடுத்த மனுஷனுக்குத் தன் தேதி தெரியவில்லை.

அப்படியென்றால் வானம் தோண்டியது 1987. லைசென்ஸுக்கு ஆறு மாதம் முந்தி. வீடுதான் முந்தி. கிடங்குதான் நகரவேண்டும்.

தேதி தவறா, கிழமை தவறா என்று விசாரணையில் கேட்பார்கள். வெறும் தாளைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. கையெழுத்துக்காரரின் மகன், இரண்டு காலண்டரையும் சீட்டுக் கட்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய் நின்று, "எங்கப்பாவுக்கு இப்படி ஒரு பழக்கம், எனக்கும் அதே பழக்கம்" என்று சொல்லவேண்டும். அதைச் சொல்ல உலகத்தில் ஒரே ஆள்தான் உண்டு.*

* அப்பாவைப் பற்றி: தேதி சரியென்றால் அவர் விற்ற நிலத்தைத் தானம் கொடுத்தவர். தேதி தவறென்றால் தானம் கொடுத்த நிலத்தையும் சேர்த்து விற்றவர். அவருக்கு நல்ல பெயர் வாங்கித் தருகிற தேதி ஒன்று எந்தக் காலண்டரிலும் இல்லை. தேடியாகிவிட்டது.

அருணாதேவி இரண்டு காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ஒரு காலண்டர்காரன் வீட்டுல மட்டும்தான் இந்தக் கூத்து நடக்கும்" என்றாள். "போய்ச் சொல்லுங்க."

7

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். நாயகன் யோக்கியன் என்றால் முடிந்திருக்கும். இங்கே ஆசிரியருக்கு நாயகன்மேல் கொஞ்சம் சந்தேகம் வருகிறது.

சாயங்காலம் கம்பெனி முதலாளி போன் பண்ணினார். இதுவரை முழுசாகச் சொல்லாமல் விட்ட ஒரு தகவல்: அந்தக் கம்பெனியின் லேபிள் முழுக்கக் காளீஸ்வரன் பிரஸ்ஸில்தான் அடிக்கிறார்கள். டீலர்களுக்குக் கொடுக்கிற காலண்டரும் அங்கேதான். பிரஸ் ஓடுவதே பாதி அதனால்தான். இதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்றால், கட்டுரையில் இடமில்லை. [பொய். சொல்லப் பிடிக்கவில்லை.]

"அண்ணாச்சி, நல்லா இருக்கீகளா? இந்த வருஷம் காலண்டர் அம்பதாயிரம். உங்களுக்குத்தான், வேற யாருக்கு?" என்றார் முதலாளி. நல்ல மனுஷர்தான், சத்தம் போட்டே பேசமாட்டார். "அப்புறம், பழைய காகிதம் ஏதோ தேடிக்கிட்டு இருக்கீகளாம்ல. பீரோவுல கரையான் இருக்கும், பார்த்துக்கங்க. கிடங்கை மாத்துன்னு வந்துச்சுன்னா தீபாவளி சீசனே போச்சு. இருநூறு பேரு வீட்டுல உக்காரணும். அந்தப் பொண்ணு சண்முகத்தாயும் அதுல ஒண்ணு. அதையும் யோசிங்க."

காளீஸ்வரன் யோசித்தார். இருநூறு பேர் என்ற வார்த்தை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. தன் ஒரு ஆர்டருக்காக வாயை மூடிக்கொள்கிறவன் கோழை. இருநூறு குடும்பத்துக்காக வாயை மூடிக்கொள்கிறவன் சிந்தனையாளன். இதைச் சண்முகத்தாயிடமே சொல்லிப் பார்த்தார். தேதி விஷயம் முழுவதையும் விளக்கிவிட்டு, கடைசியில் மெதுவாக, "உனக்கும் வேலை போயிருமேம்மா" என்று முடித்தார்.

அவள் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"வேலை போனா வேற கம்பெனிக்குப் போறேன் அண்ணாச்சி. இங்கன கம்பெனிக்கா பஞ்சம்? வீட்டைத் தூக்கிட்டு எங்கன போக?"

சிந்தனையாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

8

ஸ்ரீமதி முடிவு கேட்டார். மூன்று எழுதி அனுப்பினார்.

முடிவு அ: செவ்வாய்க்கிழமை. காளீஸ்வரன் இரண்டு காலண்டரோடு எழுந்து நிற்கிறார். அதிகாரி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து வியக்கிறார். வீடு நிலைக்கிறது. சண்முகத்தாய் கண்கலங்கி, "அண்ணாச்சி, நீங்க தெய்வம்"

[அவள் இப்படியெல்லாம் பேசமாட்டாள். அடிக்கவும்.]

முடிவு ஆ: செவ்வாய்க்கிழமை. காளீஸ்வரனுக்குக் காய்ச்சல். ஐம்பதாயிரம் காலண்டர் நல்லபடியாக அச்சாகிறது. தொகுப்பு வெளியீட்டு விழாவில் 'மண்ணின் மைந்தர்' என்று சொல்லிப் பொன்னாடை போர்த்துகிறார்கள். பொன்னாடை

[அருணாதேவியின் பென்சில் குறிப்பு: காய்ச்சல் வந்தா கஷாயம் நான் வைக்கமாட்டேன்.]

முடிவு இ: வீட்டை இடித்துவிட்டார்கள். மூன்று சென்ட்டும் மறுபடி வெட்டவெளி. கதவை மட்டும் எடுத்துப்போக ஆளில்லை. வேலியில் சாய்ந்து அது தனியாக நிற்கிறது. நூறு மஞ்சள் கிளிகள். எதிரே திறந்த வானம்.

ஸ்ரீமதி உடனே கூப்பிட்டார். "சார்! மூணாவது! அந்தக் கதவு! தொகுப்புலயே இதுதான் கடைசிக் கட்டுரை. அட்டைக்கே அந்தக் கதவைப் போடலாம் சார். இதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

காளீஸ்வரனுக்கு உச்சி குளிர்ந்தது. தனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது என்று சொன்னார். நன்றாக எழுதியிருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கதவு வேலியில் சாய்ந்து நிற்பதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிட நன்றாக இருந்தது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்தக் கதவு அப்படித் தனியாக நிற்கவேண்டும் என்றால், முதலில் அந்த வீடு இடியவேண்டும். அது இடிந்தால் கட்டுரை ஜெயிக்கும். தன் மனசின் ஏதோ ஒரு மூலை அது இடிவதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

முதலாளி தந்ததுகூடப் பரவாயில்லை, அது வெறும் ஆர்டர். இது என்ன என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கழிவு மருந்தைத் தின்ற அன்று நாக்கில் வந்த சுரீர் மறுபடி வந்தது.

9

இன்று திங்கட்கிழமை. (வருஷம் போடவில்லை. போட்டால் தப்பாகத்தான் வரும்.) கட்டுரை அனுப்பக் கடைசி நாள்.

காலையில் வேலைக்குப் போகிற வழியில் சண்முகத்தாய் பிரஸ்ஸுக்கு வந்தாள். டிபன் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். நாளைக்குப் பத்து மணிக்கு பஸ் ஸ்டாப்புல நிப்பேன். ரெண்டு காலண்டரையும் மறக்காம எடுத்துட்டு வாங்க."

"வாரேன்மா."

"கதை எழுதுறீகளாம்ல, எங்க வீட்டை வச்சு. சர்வேயர் தம்பி சொன்னாரு. கடைசியில என்ன ஆகுது?"

"அதான் தெரியலை. இன்னும் முடிக்கலை."

அவள் தூக்கை எடுத்துக்கொண்டாள்.

"முடிச்சுட்டு வராதீக அண்ணாச்சி. வந்துட்டு முடிங்க."

அவள் போய்விட்டாள். ஒரிஜினல் தாளை அவள் என்னை நம்பி விட்டுப் போயிருக்கிறாள். மேஜைமேல் அது இருக்கிறது. பக்கத்தில் முதலாளியின் காலண்டர் ஆர்டர். இரண்டு காலண்டரையும் பழைய சீட்டுக் கட்டையும் ஒரு கட்டைப்பையில் போட்டு அருணாதேவி வாசல் ஆணியில் மாட்டிவிட்டாள். வெளியே போகிறவன் தலையில் இடித்துக்கொள்ளாமல் போக முடியாது.

[இங்கே 'என்னை' என்று வந்துவிட்டது. ஸ்ரீமதி மன்னிக்கவும். திருத்தப்போவதில்லை.]

முடிவு இல்லாமல்தான் இதை அனுப்புகிறேன். மூன்று முடிவையும் கிழித்துவிட்டேன். கதவு தனியாக நிற்கிற அந்தப் பக்கத்தையும் கிழித்தாகிவிட்டது. அதைக் கிழிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

நீங்கள் இதைப் படிக்கும்போது அந்தச் செவ்வாய்க்கிழமை முடிந்து பல நாள் ஆகியிருக்கும். என்ன ஆனது என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டால் போனேன் என்றுதான் சொல்வேன். எழுதினாலும் போனேன் என்றுதான் எழுதுவேன், அதுவும் நன்றாக எழுதுவேன். கன்னிக்காட்டை எழுதினவன்தானே.

சிவகாசியிலிருந்து சாத்தூர் பஸ்ஸில் ஏறி இடது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். முள்வேலி தொடங்கியதும் மூலையைப் பாருங்கள். மஞ்சள் கிளி ஒட்டின கதவு ஒன்று தெரியும். அது ஒரு வீட்டில் மாட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.